ஒட்டுக்காப் பார்த்தால்

மார்ச் முப்பத்தொன்று. குண்டடத்துக்கு மேற்கே
எங்கள் சாளையில் இன்னும் டியூப்லைட் எரிகிறது.
இந்தப் பண்ணையத்துக்கு நான்தான் கணக்குப்பிள்ளை.
சம்பளம் கிடையாது.
அதையும் ஒருநாள் செலவில் எழுத வேண்டும்.

தென்னை, முந்நூற்றுப் பத்து மரம்.
கொப்பரை ஏறிய வருசம், வரவு நிமிர்ந்து நிற்கிறது.
பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்
ஆயிரத்து நூறடிக்குப் போய்ப்
புழுதி மட்டும் கக்கிய இரண்டு போரை.
"போனது போச்சு, அதை எதுக்குப் போட்டுக்கிட்டு?"
போனதுதானுங்க.
வட்டி இன்னும் போகாமல் இருக்கிறதே.

கோழிச் செட்டு.
குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது,
கிலோவுக்கு இன்ன கூலி என்பதும் அவர்கள் வாய்தான்.
சித்திரை வெயிலில் செத்து விழுவது மட்டும்
எங்களுடையது.
தனியாகப் பார்த்தால் கரண்டு பில்லுக்குச் சரி.
விட்டுத் தொலைக்கலாம் என்றே இரண்டு வருசம் நினைத்தேன்,
அந்த எருவை வெளியே வாங்கினால் எவ்வளவு என்று
ஒரு ராத்திரி
தென்னைப் பக்கத்தில் கூட்டிப் பார்க்கும்வரை.

கொறங்காடு, எட்டு ஏக்கர், நாலு பட்டி.
கொழுக்கட்டைப் புல், வெள்வேல், சுற்றிலும் கிளுவை.
மேய்வது முப்பது செம்மறி.
செலவு, வேலி அடைக்கிற கூலி.
பேங்க் மேனேஜர் விரலை வைத்தது இதில்தான்:
"எட்டு ஏக்கரா சும்மா கிடக்குதுங்களே?"
சும்மா கிடப்பதற்கு என்ன விலை என்று
அவர் பாரத்தில் கட்டம் இல்லை.
மழை பொய்த்த இரண்டு வருசமும்
பையனின் காலேஜ் பீசும் சங்கத்து வட்டியும்
கன்னிவாடிச் சந்தைக்கு
நாலு காலில் நடந்து போயின.

ராக்கியப்பன் ஆறு ஏக்கரிலும் சின்னவெங்காயம் போட்டார்.
ஒரே பட்டத்தில் கார். ஊரே போய்ப் பார்த்தோம்.
அடுத்த பட்டமும் ஆறு ஏக்கரிலும் அதையே போட்டார்.
இப்போது அதே கார் திருப்பூரில் ஓடுகிறது,
நம்பர் பலகை மட்டும் மஞ்சளாகிவிட்டது.
போன மாசம் ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போனேன்.
வாடகை வேண்டாம் என்றார்.
கொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

கொறங்காடு பூராவும் ஓட்டித் தென்னை வைப்பது என்று
பொக்லைனுக்குச் சொல்லியாகிவிட்டது.
நாச்சிமுத்து கெட்டவர் இல்லை,
விலை ஏறினால் அவருக்கும் காய்ச்சல் ஏறும், அவ்வளவுதான்.
நான் சண்டை போடவில்லை. ஒன்று கேட்டேன்:
"இது ஒட்டுக்காப் போச்சுன்னா, மக்கா நாளு எந்திரிச்சு
எதுல கை வெப்பீங்க?"
அவர் என் கழுத்தைப் பார்த்தார்.
கழுத்தில் மஞ்சள் கயிறு.
மற்றது மூன்று வருசமாகச் சங்கத்துப் பெட்டகத்தில்
தூங்குகிறது.

கடைசியில் நாலில் ஒரு பட்டி.
தோற்றாலும் தூக்கம் வருகிற அளவு.
மூன்று வெள்வேல் சாய்ந்தன.
நான் அந்தப் பக்கம் போகவில்லை.
விறகு பதினொன்றாயிரத்துக்குப் போனது.
வரவில் எழுதும்போது
சந்தோசமாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

கொப்பரை இன்னும் ஏறினால்
அவர் என்னைப் பார்க்கப்போகும் பார்வை.
இறங்கினால்
நான் அவரைப் பார்க்கக் கூடாத பார்வை.
இரண்டுக்கும் நோட்டில் பக்கம் ஒதுக்கவில்லை.

மணி இரண்டு பத்து.
மும்முனைக் கரண்டு வந்து சித்த நேரம்தான் ஆகிறது.
போன் அடிக்கிறது.
ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் பெண்
பதிந்து வைத்த குரலில் சொல்கிறாள்:
தண்ணீர் இல்லை. மோட்டார் நிறுத்தப்பட்டது. நன்றி.

தென்னைப் பக்கத்தைத் திருப்புகிறேன்.
மொத்தத்தைப் பேனாவில் எழுதியிருக்கக் கூடாது.
பையன் விட்டுப்போன பென்சில்
இங்கேதான் எங்கேயோ கிடந்தது.